பேச்சை உரித்தெறிந்த மசூது

"பேச்சுங்கறது வேர்க்கடலைத் தோலு மாதிரிலே. இசைதான் பருப்பு. தோலை ஊதித் தள்ளினா எவனுக்கு என்ன நட்டம்? எந்தப் படத்தையும் கொண்டு வா. மனுசக் குரல் மருந்துக்குக்கூட இல்லாம இசையை மட்டும் தனியா உரிச்சுத் தாரேன். போன பேச்சைத் தேடி ஒருத்தன் திரும்பி வந்தான்னா என் பேரு மசூது இல்ல."

தென்காசி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், 'மசூது ஆடியோஸ்' பலகையின் கீழ் நின்று, சுக்குக்காப்பி டம்ளரை உயர்த்தியபடி மசூது இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது அவையில் இருந்தவர் ஒருவர்தான். பக்கத்துக் கடைக் குடை வியாபாரி முகம்மது யூசுப். அவரும் வளைந்த குடைக்கம்பி ஒன்றைப் பல்லால் கடித்து நிமிர்த்திக்கொண்டிருந்ததால் கைதட்ட வசதிப்படவில்லை.

கம்பியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் சொன்னார். "உன் கடைக்கு வாரவன்லாம் ரிமோட்டுக்குப் பேட்டரி கேட்டுல்லாலே வாரான்."

மகான்களுக்கு நல்ல அண்டை வீடு வாய்ப்பதே இல்லை.

மசூது ஒலித்துறைக்கு வந்த வழி எளியது. சவூதியில், தம்மாமில் உள்ள பெரிய மின்சாதனக் கடை ஒன்றில் பதினோரு வருடம் இருந்தார். அங்கே என்ன வேலை என்று கேட்டால் "சவுண்டு" என்பார். டெலிவரி வண்டியில் ஏறி, பெட்டிகளைப் பெரிய வீடுகளுக்குள் இறக்கி வைக்கும் வேலை. பெட்டிக்குள் இருந்தது சவுண்டுதான் என்பதால் அவர் சொன்னதில் பொய் கிடையாது. இறக்கி வைத்த இடத்தில் நின்று, மற்றவர்கள் வயர் மாட்டுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பார்த்தே படித்த படிப்பு. ஊர் திரும்பும்போது ஆறு ஸ்பீக்கர் கொண்ட ஹோம் தியேட்டர் ஒன்றையும், சினிமா டிஸ்க்குகள் நிறைந்த அட்டைப்பெட்டி ஒன்றையும், அபிப்பிராயங்கள் பலவற்றையும் கொண்டுவந்தார். மூன்றாவதற்கு விமான நிலையத்தில் எடை போடவில்லை.

அவருடைய கலை பிறந்த இடம் சொந்த வீட்டு அடுக்களை. மனைவி மிஸ்ரியா ஒரு நாள், "ஏங்க, ஆறு ஸ்பீக்கரு இருக்கு. அதுல ஒண்ண இங்கன வச்சா என்ன? குக்கரு விசில்ல ஒரு எழவும் கேக்க மாட்டங்குது" என்றார். நியாயமான கோரிக்கை. ஆறில் படுக்கைவசமாக நீண்டு கிடந்த ஒன்று மசாலா டப்பா அலமாரிக்கு மேலே அளவெடுத்ததுபோல் பொருந்தியது. மசூது அதை மாட்டினார். அது நடு ஸ்பீக்கர்.

அன்று ஊர் ஆண்கள் நாலு பேர் ஹாலில் அமர்ந்து படம் பார்த்தார்கள். வயலின்கள் பொங்கின, கதவுகள் அறைந்தன, கார்கள் இடமிருந்து வலமாகப் போயின. ஆனால் யாரும் பேசவில்லை. கதாநாயகன் வாயை வாயைத் திறந்தான், மீனைப்போல. அடுக்களையிலிருந்து மட்டும் மிஸ்ரியா விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் வந்தது.

"மைனி, இப்ப என்ன சொன்னான்?" என்று யூசுப் ஹாலிலிருந்து கேட்டார்.

"அவ அக்காவயே கட்டிக்கிடுதேன்னு சொல்லுதான்."

"எப்ப?"

"நீங்க முறுக்கு கேட்டியள்லா, அப்ப."

வேறு யாராக இருந்தாலும் ஸ்பீக்கரைக் கழற்றி ஹாலில் வைத்திருப்பார்கள். மசூது எழுந்து நின்றார். படம் ஆறு வழியாக வீட்டுக்குள் வருகிறது, அதில் பேச்சு மட்டும் பெரும்பாலும் நடு வழியாக வருகிறது, இசை இடமும் வலமும் முதுகுப்பக்கமுமாகப் பிரிந்து வருகிறது என்ற உண்மை அவருக்கு அந்த இடத்தில் விளங்கியது. நடுவை அணைத்தால் பேச்சு போகும், இசை நிற்கும். உலகம் இதை முன்பே அறிந்திருந்தது. தென்காசியில் அதை மிளகாய்த்தூள் டப்பாவின் துணையோடு கண்டுபிடித்தவர் அவர்தான். மேலே சொன்ன பிரகடனம் மறுநாள் காலை வெளியானது.

அதற்குப் பிறகு நெடுங்காலம் யாரும் எதையும் உரிக்கக் கொண்டுவரவில்லை. பேட்டரி விற்றது.

அப்புறம் இந்த வருட ஆனி மாதச் சாரலில் நனைந்துகொண்டு அபர்ணா டீச்சர் கடையேறினார். கடையம் பக்கத்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மட்டும் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்துவந்தார். அந்தப் பள்ளிக்குக் குற்றாலம் சாரல் விழாவில் முதன்முதலாக ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தது. எட்டுப் பிள்ளைகள், ஐந்து நிமிடம்.

"ஹெட்மாஸ்டரும் பாக்க வருதாரு அண்ணாச்சி. நல்லா வந்தா அந்தப் பீரியடு நிக்கும். இல்லன்னா அதையும் ஸ்லிப் டெஸ்டுக்கு எடுத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாரு. எடுத்துட்டாருன்னா அந்தப் பிள்ளைகளுக்கு வாரம் முழுக்கக் கணக்குதான்." கணக்கு டீச்சரே இப்படிச் சொல்வதில் ஒரு நேர்மை இருந்தது.

ஆட வேண்டிய இசை ஒரு படத்தில் இருந்தது. நாலு நாள் ஓடிய படம். வீட்டை விட்டு வேலைக்குப் போகும் மகளை அப்பா வழியனுப்புகிறார், அடியில் ஒரு நாகஸ்வரம் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த இசை தனியாக எங்கும் வெளிவரவில்லை. விழாக்குழுவோ, சினிமா வசனம் மேடையில் ஒரு சொல்கூட வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

மசூது நாற்காலியில் சாய்ந்தார். அடிக்கடி சாயாத நாற்காலி என்பதால் அது கிறீச்சிட்டது. "டீச்சர், சரியான ஆளுட்டதான் வந்திருக்கிய. உரிச்சிருவோம்."

அபர்ணாவின் போனில் இருந்த பிரதியை முதலில் ஒரு மென்பொருளில் கொடுத்தார். மனிதக் குரலைத் தானே கண்டுபிடித்துக் களையும் மென்பொருள் அது. அப்பாவின் பேச்சு போயிற்று. கூடவே நாகஸ்வரமும் போயிற்று. தவில் மட்டும் துணையில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாகஸ்வரத்தை யாரோ வாய்விட்டு அழுவதாக அது எடுத்துக்கொண்டுவிட்டது. எந்த ஊரில் செய்ததோ, ஒரு கல்யாண வீட்டு வாசலைக்கூட மிதித்திராத மென்பொருள்.

"உன் பருப்பையும் சேத்து ஊதிட்டல்லா," என்றார் யூசுப்.

மசூது வீட்டுக்குப் போய்ப் பரணில் கிடந்த தம்மாம் அட்டைப்பெட்டியை இறக்கினார். நாலு நாள் ஓடிய படங்களுக்கும் அரபு நாட்டில் டிஸ்க் உண்டு. ஊரை நினைத்து ஏங்குகிறவன் எதையும் வாங்குவான் என்று கடைக்காரனுக்குத் தெரியும். படம் கிடைத்தது, ஆறு வழியோடும். கணினியில் நடுவழியை அடைத்தார். நாகஸ்வரம் கழுவிவிட்ட கல்தரைபோல் வந்து நின்றது.

இங்கே ஒரு சாதாரண மனிதன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கியிருப்பான். மசூது காதைத் தீட்டினார். பின் ஸ்பீக்கர்களில் அப்பாவின் குரல் எதிரொலியாக, பக்கத்து வீட்டுப் பேச்சுபோல, மெல்லிதாகக் கசிந்தது. 'மருந்துக்குக்கூட' என்று சொன்ன வாய் சும்மா இருக்க விடவில்லை. வயலில் களை எடுப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகக் குனிந்து பிடுங்க ஆரம்பித்தார்.

அபர்ணா போன் மேல் போன் போட்டார். "அண்ணாச்சி, இருக்கிறது போதும். பிள்ளைக ஒரு தடவையாவது இதுல ஆடிப் பாக்கணும்லா."

"டீச்சர், சோத்துல கல்லு கிடக்கும்போது எலை போடச் சொல்லுதியளே."

நாட்கள் போயின. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் வசனம் மசூதின் வாயிலேயே குடியேறிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று "மழை வரும்போல இருக்கு" என்பார். மிஸ்ரியா துணி எடுக்க மாடிக்கு ஓடுவார். இரண்டு தடவை ஓடிய பிறகு, "இனிமே மழையே வந்து எங்கிட்டச் சொல்லட்டும்" என்றுவிட்டார்.

விழா நாளன்று மதியம்தான் வேலை முடிந்தது. களை எடுத்து முடித்த கையோடு, எடுத்த களை வரப்பில் கிடப்பதுகூடப் பொறுக்காமல், பேச்சிருந்த கோப்பைக் கணினியிலிருந்தே அழித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பினார்.

சீசன் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. எண்ணெய் வழியும் முதுகுகளையும் ஈரத் துண்டுகளையும் கடந்து அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. மேடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பிள்ளைகள் பாவாடை சரசரக்க நின்றார்கள். மசூது பென் டிரைவை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, பட்டனை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

நாகஸ்வரம் எழுந்தது. மாசு மறுவற்ற இசை. பேச்சின் நிழல்கூட இல்லை.

ஒரு பிள்ளையும் நகரவில்லை.

"என்னட்டி, ஆடுங்க" என்றார் அபர்ணா.

முன்வரிசையில் நின்ற இராமலட்சுமி மெதுவாகச் சொன்னாள். "டீச்சர், அவுரு இன்னும் 'வாசல்ல யாரு'ன்னு கேக்கலையே."

விஷயம் இதுதான். ஒரு மாதமாகப் போனில் பேச்சோடு கேட்டுத்தான் பிள்ளைகள் பழகியிருந்தார்கள். டீச்சர் ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் சொல்லிக்கொடுத்தார். கணக்கு டீச்சர் வேறென்ன செய்வார்? வெள்ளிக்கிழமையும் எண்ண வேண்டுமா என்று பிள்ளைகள் எண்ணிக்கையைச் சத்தமில்லாமல் கைவிட்டு, படத்து அப்பாவின் பேச்சைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். அவர் 'வாசல்ல யாரு' என்றால் நாலு பேர் உள்ளே வர வேண்டும். 'மழை வரும்போல இருக்கு' என்றால் எட்டு ஜோடிக் கைகளும் மேலே போகும். 'குடை எடுத்துக்கிட்டியா' என்றால் சுற்று. 'போயிட்டு வாம்மா' என்றால் இராமலட்சுமி கூட்டத்தை விட்டுப் பிரிந்து நடக்க வேண்டும். ஆட்டத்தின் எலும்பெல்லாம் அந்தப் பேச்சில்தான் இருந்தது. மசூது எலும்பை நீக்கி மீனைக் கொடுத்துவிட்டார், நீந்தச் சொல்லி.

டிஸ்க் தென்காசி வீட்டில் கிடந்தது, போய் எடுத்துவர நேரமில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று போனில் பழைய பிரதியைப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். யாரிடமும் பிடிபடாமலிருக்க அதை இணையத்தில் ஏற்றியவன் வேகத்தை ஒரு நூல் கூட்டியிருந்தான். மூன்றாவது நிமிடத்தில் பேச்சு முந்திக்கொண்டு ஓடி, மழை வருமுன்னே குடை வந்தது. அபர்ணா தானே வசனத்தைச் சொல்லிப் பார்த்தார். பேச்சில்லாத இசையில் எந்த இடத்தில் எந்தச் சொல் விழும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. நாலு பேர் உள்ளே வந்தார்கள், இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள், ஒருத்தி அழுதாள்.

அபர்ணா மசூதைத் திட்டவில்லை. பென் டிரைவைப் பிடுங்கி அருவியில் எறியவுமில்லை. அழுத பிள்ளையின் கண்மையைத் துடைத்துவிட்டு, "பரவால்லட்டி. முன்னால நிக்கவளப் பாத்து ஆடுங்க. தப்பா வந்தாலும் சிரிச்சுக்கிட்டே ஆடுங்க" என்று மட்டும் சொன்னார். முன்னால் நிற்பவள் இராமலட்சுமி. அவள் யாரைப் பார்த்து ஆடுவது என்பதைச் சொல்லவில்லை.

மசூதுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தது. ஒரு பக்கம் மிஸ்ரியா, மறுபக்கம் யூசுப். இரண்டு நாற்காலி தள்ளி ஹெட்மாஸ்டர், மடித்த குடையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், "அடுத்த நிகழ்ச்சிக்கான இசையைத் திரைப்படத்திலிருந்து வசனமில்லாமல் தனியாகப் பிரித்தெடுத்து வழங்கியவர், தென்காசி ஒலி நிபுணர் திரு. மசூது அவர்கள்" என்றார். கைதட்டல் எழுந்தது. வாழ்நாளெல்லாம் காத்திருந்த கைதட்டல்.

"எந்திரிச்சுக் கும்பிடுலே," என்றார் யூசுப்.

மசூது எழுந்தார். கும்பிடவில்லை.

"எங்க போறிய?" என்றார் மிஸ்ரியா.

"இந்தா வாரேன்."

பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய், மேடையோரத் திரையின் மறைவில், பிள்ளைகளுக்கு மட்டும் தெரிகிற இடத்தில் நின்றார். எதிர்த் திரையோரம் நின்ற அபர்ணா அவரைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் இசை தொடங்கிவிட்டது. மசூது ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பேச்சைச் சொல் சொல்லாக அறுத்தவருக்கு, ஒவ்வொரு சொல்லும் நாகஸ்வரத்தின் எந்த மூச்சுக்குப் பக்கத்தில் இருந்தது என்பது கைப்பழக்கமாகவே தெரிந்தது.

"வாசல்ல யாருட்டி?" என்றார், அடங்கிய குரலில்.

படத்து அப்பா 'ட்டி' போட்டதில்லை. பிள்ளைகள் ஒரு நொடி விழித்தார்கள். பிறகு நாலு பேர் உள்ளே வந்தார்கள்.

"மழ வரும்போல இருக்கு."

எட்டு ஜோடிக் கைகளும் ஒன்றாக மேலே போயின. முன்வரிசையில் ஹெட்மாஸ்டரின் கை குடையிலிருந்து விலகித் தொடையில் தாளம் போடுவது திரையிடுக்கில் தெரிந்தது.

"கொட எடுத்துக்கிட்டியா?"

பாவாடைகள் விரிந்து சுழன்றன. அப்புறம் ஒரு நீண்ட இடம். வெறும் நாகஸ்வரம், பேச்சே இல்லாத இடம். களை எடுத்தபோது மசூது அங்கே வேலையில்லை என்று சடாரென்று தாண்டிப் போயிருந்தார். இப்போது தாண்ட வழியில்லை. இராமலட்சுமி அவர் வாயையே பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்தாள். நாகஸ்வரம் இறங்கி இறங்கி, அந்தப் பழைய மூச்சருகே வந்தது.

மசூது திரையோரமாக அவள் பக்கம் சாய்ந்தார்.  அடங்கிய குரலிலேயே சொன்னார்.

"போயிட்டு வாம்மா."

அவள் திரும்பி நடந்தாள்.