நீலகங்கா பட்டணஷெட்டியின் பெயர் வானொலியில் வந்த நாள்

ஹொன்னகேரி வானொலி நிலையத்தில் பாட்டுகளை அறிவித்த முதல் பெண் நீலகங்கா பட்டணஷெட்டி. அந்தப் பெருமை அவளுக்கு மிளகாய் பஜ்ஜியால் வந்தது. சிரிக்க வேண்டாம், நடந்தது அதுதான்.

அவள் அங்கே தம்பூரா மீட்டப் போனவள். அந்தக் காலத்தில் பெண் குரல் என்றால் மத்தியானம் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்முறை சொல்வதற்கு மட்டும்தான். ராகம், பாடகர், பாட்டு என்று பெயர் சொல்வதெல்லாம் அறிவிப்பாளர் குருபாதப்பா முதேனூருக்கு எழுதி வைத்த சொத்து. "பொம்பள வாயால பேரச் சொன்னா ராகம் கோவிச்சுக்கும்மா" என்பார் மனிதர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். 1968-ல் ஒரு மழைநாள். நேரடி ஒலிபரப்புக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் நான்கு பஜ்ஜிகளை அவசர அவசரமாக உள்ளே தள்ளினார். மைக் முன்னால் வாயைத் திறந்தார், விக்கல். மறுபடி திறந்தார், மறுபடி விக்கல். பாடகர் பாவம், சுருதியைப் பிடித்துக்கொண்டு விழிக்கிறார். நீலகங்கா தம்பூராவைக் கீழே வைக்காமலே எட்டி, "அடுத்து பீம்பலாஸி" என்று சொல்லிவிட்டாள். ராகம் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. மறுவாரம் வந்த பதினோரு அஞ்சலட்டைகளும் அந்தப் பெண் யார் என்றுதான் கேட்டன.

அதைத்தான் சொல்ல முடியாது. அறிவிப்பாளர் தன் பெயரை ஒலிபரப்பில் சொல்லக்கூடாது, அது நிலையத்தின் விதி.

வேண்டா வெறுப்பாக அவளுக்கு ஒரு நிகழ்ச்சி கொடுத்தார்கள். தினமும் மாலை ஐந்தேகாலிலிருந்து ஐந்தே முக்கால் வரை நேயர் விருப்பம். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அட்டையில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் படிப்பாள், ஒன்றையும் விடமாட்டாள். துண்டெப்பா என்ற விவசாயி தன் குடும்பத்தின் பதினான்கு பெயர்களோடு, கடைசியில் எருமை கௌரியின் பெயரையும் எழுதியிருந்தான். படித்தாள். மறுநாள் கௌரி அரைப்படி பால் கூடுதலாகக் கறந்ததாம். அவ்வளவுதான், பிடித்தது பைத்தியம்! உழவு மாடு, டிராக்டர், புதிதாக வெட்டிய கிணறு, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆண் பெயர் ஒன்று பெண் பெயர் ஒன்று என்று வந்து குவிந்தன. முப்பது நிமிஷத்தில் பெயர்களுக்கு இருபத்தாறு நிமிஷம், பாட்டுக்கு நான்கு. ஒருநாள் கைதவறி ஒரு பாட்டை முழுசாக ஓடவிட்டாள். அந்தப் பாட்டு தின்ற பெயர்களுக்காக நாற்பத்திரண்டு ஊர்களிலிருந்து கண்டனம் வந்தது. அவள் வீட்டுக்காரருக்கு வேலை தபால் ஆபீசில். "கட்டின பாவத்துக்கு அட்டை மூட்டையும் சுமக்கணுமா?" என்று தினமும் புலம்புவார்.

சுற்றுவட்டாரமே அந்தக் குரலைச் சாமியாகக் கும்பிட்டது. ஒருத்தி மட்டும் அது நீலகங்காவின் குரல் என்று நம்பவில்லை. அவளைப் பெற்ற ஈரவ்வா.

ஹூலிகட்டி கிராமத்தில் ஈரவ்வா ஒரு நாள்கூட அந்த நிகழ்ச்சியை விட்டதில்லை. ஐந்து மணிக்கே ரேடியோவைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஆனால் மகள் சொன்னால் சிரிப்பாள்.

"கொரலு உன்னுது மாதிரிதாண்டி இருக்கு. ஆனா அது நீ இல்ல."

"அவ்வா, சத்தியமா நான்தான்."

"அடி போடி. துண்டெப்பன் எருமை பேரையே படிக்கிற புண்ணியவதி நீயா இருந்தா, உன் பேர ஒரு தரம் சொல்லாமலா இருப்ப?"

நீலகங்காவுக்குச் சுருக்கென்றது. ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் கொண்டாடி என்ன, பெற்றவள் ஒப்புக்கொள்ள வேண்டாமா? அவ்வா கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை, "என் மகதான்" என்று சொல்லிவிட்டால் போதும் என்று தவித்தாள்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு நாள் நிகழ்ச்சியை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து வைத்துவிட்டு ஹூலிகட்டிக்குப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன பெயர் வரும் என்று முன்கூட்டியே சொல்லிக் காட்டினால் அவ்வா நம்பித்தானே ஆகவேண்டும்? ஐந்தேகாலுக்கு ரேடியோ பேசியது. ஈரவ்வா ரேடியோவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள்.

"நீ இங்க ரொட்டி தின்னுக்கிட்டு இருக்க, அவ அங்க பேசிக்கிட்டு இருக்கா. இப்பவாச்சும் ஒத்துக்கோடி!"

"அது டேப்புல பதிஞ்சது அவ்வா. அடுத்து பாரு, சிவலிங்கவ்வான்னு வரும்."

வந்தது.

"அதான் ஊருக்கே தெரியுமே. சிவலிங்கவ்வா அட்டை போட்டது போன செவ்வாக்கிழமை."

எந்தக் கோர்ட்டும் இந்த வாதத்தை உடைக்க முடியாது. இரண்டு வருஷம் கழித்து, பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிற அவ்வாவை எலுமிச்சம்பழத்தை முகரவைத்து நிலையத்துக்கே கூட்டிவந்தாள். கண்ணாடிக்கு உள்ளே நீலகங்கா, வெளியே ஈரவ்வா. அந்தக் கண்ணாடிதான் ஒரு பொட்டுச் சத்தத்தையும் வெளியே விடாதே! ஈரவ்வா பார்த்தது மகளின் வாய் அசைவதை. குரல் வந்தது வராந்தாவில் தொங்கிய பெட்டியிலிருந்து. பார்த்துவிட்டு வாசலில் நின்ற காவலாளியிடம் ரகசியமாகக் கேட்டாள்: "எம்மகள எதுக்குய்யா சும்மா வாயசைக்க வெச்சிருக்கீங்க? சம்பளம் குடுக்குறீங்களா இல்லியா?"

அன்றைக்கு நீலகங்கா கழிவறைக்குப் போய் அழுதாள். சிரிப்பும் வந்தது, அது வேறு.

இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. அவளுக்கு ஐம்பத்தெட்டு, ஓய்வு பெறும் நாள் வந்தது. ஈரவ்வாவுக்கு எண்பது நெருங்குகிறது, ஆளே பாதியாகிவிட்டாள். இன்று விட்டால் இல்லை என்று நீலகங்கா நிலைய இயக்குநர் ஹுயிலகோளின் அறைக்குப் போனாள்.

"ஐயா, இன்னிக்கு ஒரு தடவ எம்பேரச் சொல்லிக்கிறேன்."

"ஐயோ, விதி இருக்கேம்மா!"

"கழுதைங்க பேரெல்லாம் படிச்சேனே ஐயா."

"கழுதைங்க இங்க ஊழியருங்க இல்லியே" என்றார் ஹுயிலகோள். கெட்டவர் இல்லை, பயந்த மனுஷர். புத்தகத்தைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"அம்மா, ஆபீஸ் நேரம் ஐந்தரையோட முடியுது, அதோட நீங்க ஓய்வு. உங்க நிகழ்ச்சி முடியுறது ஐந்தே முக்காலுக்கு. கடைசிக் கால் மணி நேரம் நீங்க ஊழியர் இல்ல."

"அப்போ சொல்லலாமா?"

"ஊழியர் இல்லாட்டி மைக்குல உக்காரக்கூடாதே. ஆனா நேயர்னு ஆயிடுறீங்க பாருங்க! நேயர் பேரப் படிக்கலாம். அஞ்சலட்டை மட்டும் முறையா வந்திருக்கணும்."

யார் படிப்பது என்று அவர் கேட்கவில்லை, அவளும் நினைவுபடுத்தவில்லை. அவள் ஒரு அட்டையில் தன் பெயரை எழுதினாள். தபால் முத்திரை இல்லாமல் செல்லாது என்றார் ஹுயிலகோள். வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துப் போய் முத்திரை குத்தி எடுத்துவந்தார்.

ஐந்து முப்பத்தொன்றுக்கு அந்த அட்டை கைக்கு வந்தது. "ஹூலிகட்டி கிராமத்து ஈரவ்வாவின் மகள், நீலகங்கா பட்டணஷெட்டி..." என்றாள். அதற்குமேல், "அது நான்தான்" என்று சொல்ல வைத்திருந்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது. நான்கு வினாடி, ஐந்து வினாடி, ஒரு சொல்லும் வரவில்லை. எதிர்ப்பக்கம் இருந்த பொறியாளர் பயந்துபோய்ப் பாட்டைப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஹூலிகட்டிக்கு ஓடினாள். தெருமுனையிலேயே ஈரவ்வா நின்றாள், தடியைக்கூட எடுக்காமல். வந்து மகளைக் கட்டிக்கொண்டாள்.

"கேட்டேண்டி நீலி, கேட்டேன்! உம்பேரு வந்துச்சு! எம்பேரும் வந்துச்சு! இருபத்தாறு வருசமா எத்தன அட்டை போட்டியோ எம்மகளே, கடைசியில அவ படிச்சுட்டா!"

நீலகங்கா வாயைத் திறந்தாள். அவ்வாவின் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

"ஆமா அவ்வா. அட்டை போட்டேன்."

"உம்பேரப் படிச்சதும் அந்தம்மாவுக்குத் தொண்ட அடைச்சிருச்சுடி. பேச்சே வரல. பாவம், வயசாகுதில்ல? ஒரு வாய் தண்ணி குடிக்கவிடாம வேல வாங்குறானுங்க."

உள்ளே போய் ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து மகளின் கையில் திணித்தாள். விடியும் முன்பே எழுந்து சுக்கும் மிளகும் வெல்லமும் போட்டு இடித்து, நெய்யில் உருட்டிய உருண்டைகள்.

"அவ கையிலயே குடுக்கணும். ஈரவ்வா குடுத்தான்னு சொல்லு. நீ பாட்டுக்கு வழியில தின்னுறாத!"

திரும்பி வரும் பஸ்ஸில், ஹொன்னகேரி வரும்வரை, நீலகங்கா அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றாள்.