கோடி போடும் நாளில் தீவில் இருந்தேன்

தீவுக்குப் போய் என்னென்ன செய்ய வேண்டும் என்று என் மகள் ஒரு பட்டியல் போட்டிருந்தாள். அடியில் கண்ணாடி பதித்த படகில் போவது, முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்ப்பது, ஒடிசலான சின்னப் படகில் துடுப்புப் போடுவது, இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய வலையில் படுப்பது, இளநீர் குடிப்பது, சூரியன் மறைவதைப் பார்ப்பது. மொத்தம் பதினோரு காரியங்கள். கடைசியில் ‘சும்மா இருப்பது’ என்று எழுதியிருந்தாள். சும்மா இருப்பதைக்கூட எழுதி வைத்துச் செய்கிற தலைமுறை. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். விளாங்குடியில் வீடு. அதுவரை நான் லீவு போட்டதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக் கேதத்துக்கும்தான்.

அந்தச் சமயத்தில் என் ஒரே தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. அவளை எழுமலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். செவ்வாயும் வெள்ளியும் அவள் கணவர் விடியற்காலையில் அவளை மதுரைக்குக் கூட்டிவருவார். நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பேன். நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷின் ஓடும். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். இப்படியே இரண்டு வருடம். எனக்கு அலுத்துப்போயிருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். மகள் வந்து, “நம்ம மூணு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன்” என்றபோது, “இப்ப எதுக்கு இதெல்லாம்” என்று வாய் சொன்னது. மனசு அதற்குள் பெட்டி கட்டிவிட்டது.

தங்கையிடம் அவள் மிஷினில் இருக்கும்போதுதான் சொன்னேன்.

“அந்தமானா? அங்க போயி என்னண்ணே செய்வீக?”

“ஒண்ணும் செய்ய வேணாமாம். சும்மா இருக்கணுமாம்.”

“சும்மா இருக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போறீக? அதத்தான் நான் இங்கன படுத்துக்கிட்டு செஞ்சுக்கிட்டு இருக்கேன்.”

நர்ஸ் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை அதோடு விடவில்லை. “சுத்தி அம்புட்டுத் தண்ணி கெடக்கும். எனக்கு நாளைக்கு ரெண்டு டம்ளருக்கு மேல கெடையாது. கொடுத்து வச்சவுகண்ணே நீங்க” என்றாள். அவளுக்கு எப்போதும் தாகம்தான். அதை அவள் கேலியாகச் சொன்னாளா, ஏக்கமாகச் சொன்னாளா என்று நான் யோசிக்கவில்லை. ஊருக்குப் போட்டுக்கொள்ள அரைக்கால் டவுசர் எடுக்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை விமானத்தில் இறங்கி, அங்கிருந்து படகேறித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். வியாழக்கிழமை முழுக்கப் பட்டியலில் உள்ளதைச் செய்தோம். கழுத்தளவுத் தண்ணீரில் தலையைக் கவிழ்க்கும்போது முதலில் உயிர் பதறியது. பிறகு மூச்சு பழகியது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் என் விரலை வந்து மோந்துவிட்டுப் போயின. என் மனைவி கரையில் நின்று, “போதும், வாங்க, வயசு என்ன ஆகுது” என்று கத்திக்கொண்டே இருந்தாள். நான் ஏறவில்லை. அந்த ஒரு மணி நேரம், எனக்குத் தங்கை என்று ஒருத்தி இருப்பதே நினைவில் இல்லை. படகுத்துறைப் பக்கம் போனால்தான் என் போனுக்கு சிக்னல் கிடைக்கும் என்றார்கள். சாயங்காலம் வலையில் படுத்திருந்தேன், சுகமாக இருந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காற்று மாறிவிட்டது. தென்னைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. கடற்கரையில் சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். ஓட்டல் சாப்பாட்டு அறையில் இட்லிக்கு வரிசையில் நின்றபோது மகளின் போனில் அழைப்பு வந்தது; அவளுடைய கம்பெனிக்கு மட்டும் ஓட்டலில் சிக்னல் இருந்தது. பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள். தங்கையின் கணவர்.

“மச்சான், போயிட்டா மச்சான். ஆஸ்பத்திரிக்குத்தான் கெளம்பினோம். உசிலம்பட்டி தாண்டல. மூச்சு முட்டுதுன்னா. அம்புட்டுத்தான்.”

அவரே தொடர்ந்தார்.

“கோடி வரணும் மச்சான். எப்ப வாரீக?”

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு காலமெல்லாம் சீர் செய்கிறது. அதில் கடைசிச் சீர் கோடி. அவள் இறந்துவிட்டால் அண்ணனோ தம்பியோ புதுச் சேலை எடுத்துவந்து உடம்பின் மேல் போர்த்த வேண்டும். எத்தனை பேர் எத்தனை மாலை போட்டாலும், பிறந்த வீட்டுக் கோடி வரும் வரை தூக்க மாட்டார்கள். அவளுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். நானோ நாலு பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தில் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படகுத்துறைக்கு ஓடினேன். டிக்கெட் ஜன்னல் மூடியிருந்தது. பக்கத்தில் சீருடையோடு நின்றவர் தமிழ்க்காரர். “காத்து எறங்குனாத்தான் சார் படகு. நாளைக்குப் பாக்கலாம்” என்றார். நான் அவரைக் கண்டபடி கத்தினேன். கவர்மெண்டு, கப்பல், கடல் என்று யாரையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே நின்றவர், “யாருக்கு சார்?” என்றார். சொன்னேன். தன் நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார். அதன் பிறகு என்னால் கத்த முடியவில்லை.

சாவுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும். கட்டியிருந்த வேட்டியோடு கடலை நோக்கி நடந்தேன். முழங்கால் நனைவதற்குள் காவலுக்கு நின்றவர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். சிவப்புக் கொடி ஏறினால் யாரும் இறங்கக் கூடாதாம். குடித்துவிட்டு வருகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. அறைக்குத் திரும்பிவந்து குளியலறையில் குழாயைத் திருகினேன். சுடுதண்ணீர் கொட்டியது. என் தங்கைக்காக நான் முழுகிய முழுக்கு, வாசனைச் சோப்பு மணக்கும் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள்தான் நடந்தது. வெளியே வந்தால் கட்டிலில் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து, அதன் மேல் ஒரு செம்பருத்தியும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பறவையை உதறித் தலையைத் துவட்டினேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஊரில் ஐஸ் பெட்டி கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மறுநாள் மதியம் பன்னிரண்டு மணி வரை பார்ப்பது, அதற்கு மேல் தாங்காது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். பன்னிரண்டு மணி எப்படிப் பார்த்தாலும் பத்தாது. விடியற்காலையில் படகு கிடைத்தால்கூட விமானம் மாறி மாறி எழுமலை போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும், “வந்துருவேன், வையுங்க” என்றேன். “வச்சிருக்கோம் மச்சான்” என்றார் அவர்.

அன்றைக்கு முழுக்க அந்தத் தீவில் செய்வதற்கு ஒன்றுமில்லை. படகு எதுவும் ஓடவில்லை. மீன் பார்க்க வழியில்லை, சூரியன் மேகத்துக்குள். கடலுக்குள் குதிக்கப் பதிவு செய்திருந்த இளைஞர்கள் வரவேற்பறையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலாளர் பாவம், எல்லோருக்கும் கேரம் போர்டு எடுத்துப் போட்டார். என்னிடமும் வந்து, “சார், ஒரு ஆட்டம்?” என்றார். மகள்தான் அவரைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள். நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கடல் இரைந்தது. வீட்டில் பிணம் கிடக்கும்போது அண்ணன்காரனுக்கு ஆயிரம் வேலை இருக்கும். பந்தலுக்குச் சொல்ல வேண்டும், வருகிறவர்கள் கையைப் பிடிக்க வேண்டும், கொட்டுக்காரர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டும். அந்த வேலைகள்தான் துக்கத்தைத் தாங்க வைக்கின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எடுக்கும் வரை சாப்பிடக் கூடாது என்பது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்த காரியம். அதைச் செய்தேன்.

சனிக்கிழமையும் காற்று இறங்கவில்லை. ஒன்பது மணிக்கு என் சித்தப்பா மகன் உசிலம்பட்டி ஜவுளிக்கடையிலிருந்து கூப்பிட்டான். அவனுக்கும் அவள் தங்கை முறைதான்.

“அண்ணே, உங்களுக்குப் பதிலா நான் போடுறேன். எந்தக் கலரு எடுக்கட்டும்?”

எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அத்தனையும் என் மனைவி பார்த்து எடுத்தது. கடை வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என் வேலை.

“அண்ணே, கேக்குதா? என்ன கலரு?”

“நீலம்” என்றேன். கண்ணுக்கு முன்னால் வேறு நிறம் இல்லை.

“என்னண்ணே, கோடிக்குப் போயி நீலம்ங்கிறீக?”

மனைவி போனை என் கையிலிருந்து வாங்கினாள். “அரக்கு எடுங்க தம்பி. பச்சைக் கரை போட்டது. அவளுக்கு அதுதான் பிடிக்கும்” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் அறைக்குள் போய்விட்டாள். அவள் அழுத சத்தம் வெளியே கேட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

பன்னிரண்டரைக்கு, “எடுத்துட்டோம்ணே” என்று சித்தப்பா மகன் செய்தி அனுப்பினான். மகள் ஒரு தட்டில் தயிர்சாதம் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றரை நாள் பசி. வேண்டாம் என்று தள்ளியிருக்கலாம். பரக்கப் பரக்கத் தின்றேன், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றேன். அந்த வயிற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இரண்டு மணிக்குக் காற்று சொல்லிவைத்தாற்போல் நின்றது. மூன்று மணிக்குப் படகு விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் விமானம் மாறி மதுரையில் இறங்கினோம். மனைவியையும் மகளையும் முதலில் வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொல்லிவிட்டு, நான் நேரே எழுமலைக்கு வண்டி பிடித்தேன். உசிலம்பட்டியில் நிறுத்தச் சொன்னேன். என் பெயரைச் சொல்லிக் கோடி போட்டாகிவிட்டது. ஆனாலும் வெறுங்கையோடு போக முடியவில்லை. கடைக்காரர், “வாங்க” என்று வாயெடுக்கும் முன், “கோடி எடுக்கணும்” என்றேன். அவர் அந்தச் சொல்லை அப்படியே விழுங்கிவிட்டார். விரித்துக் காட்டவில்லை, விலை பேசவில்லை. ஒரு சேலையைக் காகிதத்தில் சுற்றி என் கையில் தராமல் மேஜை மேல் வைத்தார்.

எழுமலை வீட்டு வாசலில் தங்கையின் மாமியார் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் குரலெடுத்து அழுதார். அழுகை ஓய்ந்ததும் என் கையைப் பார்த்தார்.

“அது என்ன தம்பி?”

“சேலை, அத்தை.”

“கடையில என்னன்னு சொல்லி எடுத்தீக? சேலைன்னா, கோடின்னா?”

சேலை என்று சொல்லியிருந்தால் வீட்டில் யாராவது கட்டிக்கொண்டிருப்பார்கள். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. “கோடின்னுதான்” என்றேன்.

“அப்ப வீட்டுக்குள்ள கொண்டாராதீக. உங்க வீட்டுக்கும் கொண்டு போகாதீக. அது அவளுக்குன்னே எடுத்தது” என்றார். அவர் குரலில் கோபமில்லை. நான் வாசற்படி ஏறாமல் சேலையோடு கீழேயே நின்றேன்.

தங்கையின் கணவர் உள்ளேயிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “வாங்க மச்சான், பொழுது அடையுறதுக்குள்ள போயிட்டு வந்துருவோம்” என்றார். ஊருக்கு மேற்கே இருவரும் நடந்தோம். அவளைப் புதைத்த மண் இன்னும் ஈரமாக இருந்தது. காலையில் பால் தெளித்திருந்தார்கள். சேலையைப் பிரித்து அந்த மண்மேட்டின் மேல் விரித்தேன். காற்றில் பறக்காமல் இருக்க, அவர் நாலு மூலையிலும் கல் பொறுக்கி வைத்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“தூக்குன பாடைய எறக்கக் கூடாதும்பாக மச்சான். ஆனா நாங்க எறக்குனோம். தெருவைத் தாண்டல, பின்னாடி வண்டி ஹாரன் கேட்டுச்சு. நீங்கதான் வந்துட்டீகன்னு எறக்கி வச்சுட்டு நின்னோம்.”

“யாரு வண்டி மாப்ள?”

“பந்தல்காரன் வண்டி. வாடகைச் சேரை எடுக்க வந்தான்.”