பதினெட்டாம் படி

கல்லூரியில் மேல் வரம்பு பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். ஒரு கூட்டத்திலுள்ள எந்த எண்ணும் தாண்டாத எண்தான் மேல் வரம்பு. அதைவிடப் பெரிய எண்களும் மேல் வரம்புதான் என்று பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அவர்கள் யாரும் பெற்ற தகப்பனை ஏணியில் ஏற்றிவிட்டுக் கீழே நின்றதில்லை.

பண்ணைக்காடு என்ற மலையூருக்குக் கீழே எங்கள் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகை அப்பா ஏணி சாத்திப் பறிப்பார். ஒரே மூங்கில், கணுவுக்குக் கணு கால் வைக்கப் படி. பதினெட்டாம் படிக்கு மேல் மூங்கில் மெலிந்துவிடும். அந்தப் படியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார்.

"மிஞ்சிப்போனா பதினெட்டு. அதுக்கு மேல கால வச்சா சோலி முடிஞ்சிரும்" என்பார். ஏறும்போது படிகளை எண்ணமாட்டார், துணியைத்தான் பார்ப்பார்.

உச்சியில் மிளகுச் சரங்கள் மிஞ்சுவதை அம்மாவால் பொறுக்க முடியாது. குருவிக்கா வெவசாயம் பாக்குறோம் என்று தினமும் குத்திக்காட்டுவார். அப்பா பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு வயது, அறிவு வழிந்தது. ஒரு சாயங்காலம் ஏணி தரையில் கிடந்தபோது துணியை அவிழ்த்து இருபதாம் படியில் கட்டிவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே அப்பா ஏறினார். கீழே நின்று எண்ணினேன். பதினைந்து வரை பெருமையாக இருந்தது. பதினாறில் ஏணி லேசாக நெளிந்தது, கூப்பிட வாயெடுத்தேன். ஆனால் ஏணியில் நிற்பவரைக் கூப்பிடக் கூடாது, திரும்பினால் பிடி தவறும் என்பது எங்கள் பக்கத்துக் கட்டளை. வாயைப் பொத்திக்கொண்டேன். பதினேழு. பதினெட்டு. இடது கால் பத்தொன்பதில் பட்டதும் மூங்கில் முனகியது கீழே எனக்கே கேட்டது. அப்பா மரத்தைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் செத்துப்போவார் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.

ஏணியைக் கிடத்திப் படிகளை எண்ணினார். என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை. நான்தான் அழுதேன்.

"போ, மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார்.

அடுத்த நாள் துணி பதினாறாம் படியில் இருந்தது. அம்மாவின் வசவு கூடியது. அப்பா மிரண்டுபோய்விட்டார் என்று நானும் வெட்கப்பட்டேன். பதினாறும் இரண்டும் பதினெட்டு என்று அப்போதே எனக்குக் கூட்டத் தெரியும். அந்த இரண்டு படியும் மறுபடி நான் துணியை ஏற்றிக் கட்டினாலும் பதினெட்டைத் தாண்டாதிருக்கட்டும் என்று அவர் விட்டுவைத்த இடம் என்பதுதான் தெரியவில்லை.