கோமளத்தம்மாள் நடத்திய பிரசவ வகுப்பு

நர்ஸ் கோமளத்தம்மாளைப் போல வகுப்பு நடத்த செங்கல்பட்டு ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். அவரிடம் ஆயாவாக இருந்து ஊர் ஊராகப் பெட்டி தூக்கியவள் நான். அதிகாரிகள் வருவார்கள், பத்து நிமிஷம் கேட்பார்கள், காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஐம்பத்தாறாம் வருஷம் சதுரங்கப்பட்டினத்தில் கிராமத்து மருத்துவச்சிகளைக் கூட்டி, சுத்தமாகப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தோம். அம்மாள் குரல் கணீரென்று இருக்கும். துணிப் பொம்மையை வைத்துக்கொண்டு, கத்தரியைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, தொப்புள்கொடியைக் கட்டுவது, வெட்டுவது எல்லாவற்றையும் தாமே செய்து காட்டுவார். சேரியிலிருந்து வந்த பொன்னி ஆசையாகக் கத்தரிப் பக்கம் கையை நீட்டினாள்.

“தொடாதே! தள்ளி நின்னு பாரு.”

ஒரு தரமா, இரண்டு தரமா? அவள் நீட்டும்போதெல்லாம் இதே பேச்சு. கேட்டால் கிருமி என்பார். வேடிக்கை பார்க்க வந்த கோயில் தெருப் பர்வதம் மட்டும் அதே கத்தரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே, அவள் கையில் கிருமி இல்லையா?

“எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்று கேட்டார் அம்மாள்.

“புரிஞ்சிச்சும்மா!” என்று கோரஸாகச் சொன்னார்கள். பெரிய மனுஷி கேட்கும்போது புரியவில்லை என்று எவள் சொல்வாள்? கடைசி நாள் கத்தரி, நூல் எல்லாம் வைத்த சாமான் பெட்டி ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினோம்.

கொஞ்ச நாளில் தகவல் வந்தது. பொன்னியின் மகளுக்குப் பிறந்த ஆண் குழந்தை ஒரு வாரத்துக்குள் தாடை இறுகிச் செத்துவிட்டதாம். கொடியை அறுத்தது அரிவாளால். அம்மாள் கொதித்துப்போய் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

“பெட்டி குடுத்தேனே, எங்கடி அது?”

பொன்னி கூரையில் கட்டியிருந்த பெட்டியை இறக்கினாள். மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்திருந்தாள். பிரிக்கவே இல்லை.

“நீங்கதானம்மா தொடாத தொடாதன்னு சொன்னீங்க. கொயந்த வர்ற நேரத்துல இத்த எட்க்க கையி நடுங்கிச்சு. பயக்கமான அருவாளையே எட்த்துகினேன்.”

திரும்பும் பஸ்ஸில் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “கிருமின்னு பொய் சொன்னேண்டி மேரி. அந்தக் கொழந்தைய நான்னா கொன்னேன்!” ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வகுப்பில் அவர் மேஜையை வெளியே தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கத்தரி, நூல், பொம்மை எல்லாம் பெண்களின் நடுவில். யாராவது தப்பாகக் கட்டினால் உடனே பாயாமல், பக்கத்திலிருப்பவள் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். பொன்னியும் வந்திருந்தாள்.

“பொன்னியோட பேரன் செத்தது என்னாலதான்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார் அம்மாள்.

“ஐயய்யோ, அப்டிலாம் சொல்லாதம்மா! அது தலையெய்த்து. நீ இன்னா பண்ணுவ?” என்று பெண்கள் பதறினார்கள்.

அம்மாள் பொன்னியையே பார்த்தார். அவளும் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று தவித்தார், பாவி.

பொன்னி கொதிநீரில் போட்டு ஆறவைத்த கத்தரியை எடுத்தாள். பொம்மையின் கொடியை இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் வெட்டினாள். கை நடுங்கவில்லை. பிறகு, “அடுத்தது ஆரு? வாங்க” என்று கத்தரியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். அம்மாள் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.