வெல்டிங் இன்ஸ்பெக்டரின் ஈரல்

கூடுவாஞ்சேரி சதாசிவம் தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பியதில்லை. இந்தக் குணத்துக்காக அவருக்கு மாதாமாதம் சம்பளமே கொடுத்தார்கள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பாய்லர் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் வெல்டிங் இன்ஸ்பெக்டர். பற்றவைத்த இடத்தில் கிரீஸைத் தடவி, ஒலியலைக் கருவியை வைத்துத் தேய்ப்பார். உள்ளே கடுகளவு ஓட்டை இருந்தாலும் திரையில் கோடு எழும்பும். எழும்பினால் மஞ்சள் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறிகளை வரிசையாக வைத்தால் மகாபலிபுரம் வரை போகும் என்பார்கள் வெல்டர்கள். வேறு சிலவும் சொல்வார்கள். அவை அச்சில் ஏறத்தக்கவை அல்ல.

சோதனை நடக்கும்போது பக்கத்தில் பேச்சு கூடாது, மூத்த வெல்டர் முனிசாமியே ஆனாலும். "வாயை மூடு முனிசாமி. நீ பாக்கணுமா, நான் பாக்கணுமா?"

2003-இல் கம்பெனி மருத்துவப் பரிசோதனைக்காக அவரைச் செங்கல்பட்டில் படுக்கவைத்து வயிற்றில் ஜெல் தடவினார்கள்.

"நாங்க கிரீஸ் போடுவோம்" என்றார், சக தொழிலாளியிடம் பேசும் தோரணையில்.

ஸ்கேன் எடுத்த பெண் திரையையே பார்த்தாள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அந்தத் தேய்ப்புக்கு என்ன அர்த்தம் என்று சதாசிவத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஈரலில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டி. அடுத்தடுத்த பரிசோதனைகள் புற்று என்றன. பழைய காமாலையில் தழும்பேறிய ஈரல், வெட்டினால் தாங்காது. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைச் செருகி, நுனியைச் சூடாக்கிக் கட்டியைச் சுட்டுவிடலாம் என்றது சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி.

முனிசாமி சாத்துக்குடியோடு வந்தார்.

"இன்னா அண்ணாத்த, உனுக்கே பெருக்கல் போட்டானுங்களா?"

"போட்டுட்டாங்க."

"சூடு வெச்சு ரிப்பேரா? அப்போ அந்த டாக்டரு நம்ம ஆளுதான். நீ அங்க போயி நொட்டை சொல்லிகினு இருக்காத. நீ பக்கத்துல நின்னாலே எங்களுக்குக் கை ஆடும். பேஜாரா பூடும்."

சதாசிவத்தின் மனைவி வசுமதி முனிசாமிக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தாள். இவ்வளவு தெளிவாக அவளால் சொல்ல முடிந்ததில்லை.

சுடப்போகிற டாக்டர் பிரதீபா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். விலா மரத்துவிட்டது. லேசான மயக்க மருந்தும் உடம்பெல்லாம் பரவி, வாயை மட்டும் விட்டுவைத்திருந்தது.

"எத்தனை டிகிரி மேடம்?"

"நூறு கிட்ட. பேசாதீங்க."

"கட்டியைச் சுத்தி ஒரு சென்டிமீட்டர் சேர்த்துச் சுடுவீங்க இல்ல? ஓரம் விட்டா மறுபடி..."

"சுடுவேன் சார்."

"ஊசி எங்க இருக்குன்னு ஒரு தடவை..." கழுத்தைத் திருப்பினார்.

டாக்டரின் கை நின்றது. "நீங்க பேசப் பேச ஈரல் ஏறி இறங்குது. பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய். நான் சொல்றப்ப மூச்சை அப்படியே பிடிச்சாத்தான் ஊசி சரியா இறங்கும். நீங்க பாக்கணுமா, நான் பாக்கணுமா?"

இந்த வசனத்தை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தார் சதாசிவம். யோசித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிடிங்க."

பிடித்தார். உள்ளே ஏதோ அழுத்தியது. விட்டார், மறுபடி பிடித்தார். அப்புறம் பன்னிரண்டு நிமிஷம் இயந்திரம் மெல்ல இரைந்தது. அவர் பார்க்காமலே ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. உலகம் எப்படியோ சமாளித்துக்கொண்டது.

மறுநாள் வீட்டில் பார்க்க வந்தவர்களெல்லாம் தையலைக் காட்டச் சொன்னார்கள். விரல் நுனியளவு பிளாஸ்திரியைக் கண்டு, ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கியது அதிகப்படியோ என்ற முகத்தோடு போனார்கள்.

அவருக்கும் சந்தேகம்தான். டாக்டர் நன்றாகச் சுட்டாரா? ஒரு மாதம் தூக்கமில்லை. மறு ஸ்கேனில் கட்டி இருந்த இடம் கறுப்பாக, அதைவிடப் பெரிய வட்டமாக இருந்தது. ரத்த ஓட்டம் துளியும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

திங்கட்கிழமை ஃபிலிமைக் கம்பெனிக்கே கொண்டுவந்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.

"தள்ளு, நா பாக்குறேன்" என்றார் முனிசாமி. வட்டத்தின் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். "எங்கியும் வுடல. சுத்தமான வேல, அண்ணாத்த." சதாசிவத்தின் பையிலிருந்தே சாக்பீஸை எடுத்து, ஃபிலிம் உறைமேல் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

சதாசிவம் டிக் அழியாமல் ஃபிலிமை ஓரமாக வைத்தார். பிறகு சாக்பீஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு, முனிசாமி காலையில் பற்றவைத்த குழாய்க்குக் கிரீஸ் தடவினார்.

"வாயை மூடு முனிசாமி."