அந்த மனுசியின் அப்பீல்

மாண்ட்ரியலில் நான் சட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில் ஒரு பழைய தீர்ப்பு என் மேசையை விட்டு நகரவேயில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஊர் உயர் நீதிமன்றம் ஒன்று கொடுத்தது. ஒரு விதவை தன் நிலத்தைக் கேட்டு மேல்முறையீடு செய்கிறாள். இதை மாவட்ட நீதிமன்றத்தில் போட்டிருக்க வேண்டும், விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று நீதிபதிகள் திருப்பிவிடுகிறார்கள். அதற்குள் கெடு முடிந்துவிட்டது. நிலம் யாருடையது என்று ஒருவரும் கேட்கவேயில்லை. நான் என்ன எழுதினேன் தெரியுமா? அப்பழுக்கற்ற தீர்ப்பு என்று எழுதினேன். அவ்வளவு மண்டைக்கனம்.

மாண்ட்ரியலின் லாசால் பகுதியில் எனக்குக் கீழ்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா இருந்தார். டவுன்டவுனில் சமையல் வேலை. மனைவியும் மகளும் ஊரில். அவருடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்துக் கடிதம் வந்த அன்று, அதை நேரே என்னிடம் கொண்டுவந்தார்.

“நான் சொன்னதை நம்பேல்லையாம், தங்கச்சி. வக்கீல் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போவம் எண்டுறார். பதினைஞ்சு நாள்தானாம். நீங்கள் படிச்சனீங்கள், ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

“அங்க உங்க கதையைத் திரும்பக் கேட்க மாட்டாங்கண்ணா. சட்டப்படி நடந்துச்சான்னுதான் பார்ப்பாங்க. முழுசாக் கேட்கிற அப்பீல் தனியா இருக்கு. அதைப் போடுவோம்.”

சட்டப் புத்தகத்தைத் திறந்து பிரிவையே காட்டினேன். அவர் வக்கீலை வேண்டாம் என்றுவிட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் டீ குடிக்கும்போது அந்த விதவையின் கதையையும் சொன்னேன். வேடிக்கையாக, கடவுளே!

அப்பீல் திரும்பி வந்தது. நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நிறைவேற்றியிருந்ததே தவிர, இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. புத்தகத்தில் இருந்தது, கேட்க ஆள் இல்லை. முதலாண்டு மாணவன்கூட அதைச் சரிபார்த்திருப்பான். நான் பார்க்கவில்லை. பதினைந்து நாள் எப்போதோ தாண்டிவிட்டது. பிறகு ஓடிப்போய் ஃபெடரல் கோர்ட்டில் போட்ட மனுவைத் தாமதம் என்று தள்ளினார்கள்.

அவரை நாடு கடத்திய நாளில் கீழே போனேன். வாயில் வந்தபடி திட்டட்டும் என்றுதான் போனேன். என் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தார்.

“என்னாலதான் அண்ணா...”

“விடுங்கோ, தங்கச்சி.” பெட்டியின் ஜிப்பை இழுத்தவர் நிமிர்ந்தார். “நீங்கள் சொன்ன அந்த மனுசி... காணி போனாப் பிறகு அவவுக்கு என்ன நடந்தது?”

“தெரியாதுண்ணா. தீர்ப்புல அது இல்ல.”

“ஓம், எழுதியிருக்க மாட்டினம்,” என்றார்.

என் எண்ணை அவர் மனைவியிடம் கொடுத்திருந்தார் போல. பத்து நாள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வந்தது.

“அவர் இன்னும் வீட்டை வந்து சேரேல்லை, தங்கச்சி. கொழும்பில இறங்கினவராம். பேந்து என்ன நடந்தது? உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

“தெரியாதுக்கா,” என்றேன்.

மறுநாளும் அழைத்தார். அதற்கு மறுநாளும். அந்தக் குரல் நின்று எத்தனையோ வருடமாயிற்று. இன்றைக்கும் போன் மணி அடித்தால், யாழ்ப்பாணத்து எண்ணா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.