இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

ஆத்தாளை நம்பியிருக்கிற உங்கள் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கத்தைப் பார்த்தால் அவள் செய்த உதவி எனக்குள்ளேயே கிடந்துவிடும். அதனால் சொல்கிறேன்.

என் பெயர் விஜயா. கொடகவெல பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் மகேந்திரன் அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். சில வருஷங்களுக்கு முன்னால் என் பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி, இரத்தமாகப் போக ஆரம்பித்தது. மருந்துக்கு அடங்கவில்லை. கொழும்பில் ஒப்பரேஷன் செய்து பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து உள்ளேயே ஒரு பை செய்தார்கள். மலம் வழக்கமான வழியிலேயே போகும். ஆனால் அந்தத் தையல் ஆறும் வரை சில மாதங்கள் குடலை வயிற்றின் வழியாக வெளியே எடுத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டியிருந்தார்கள். எல்லாம் அதில்தான் விழும்.

அந்த மாதங்களை பெல்மதுளைப் பக்கம் அம்மா வீட்டில் கழித்தேன். பையை மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அம்மாதான் எல்லாம் செய்தார். ஒரு தடவை பஸ்ஸில் அது கழன்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். கண்டக்டர் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். செத்துப்போயிருக்கலாம் என்று இருந்தது. பையை எடுத்து வயிற்றைத் தைத்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் திரும்பி வந்தேன். அவர் அதைப் பார்த்ததே இல்லை. நான் பார்க்க விடவில்லை.

உள்ளே செய்த பையும் எனக்கு ஒத்துவரவில்லை. அடிக்கடி வீங்கிப் புண்ணாகும், காய்ச்சல் வரும். மாத்திரை போட்டால் கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். அவசரம் வந்தால் ஒரு நிமிஷம் தாங்காது. மலையில் கக்கூஸ் ஏது? கூடையைப் போட்டுவிட்டு மானாப்புல்லுக்குள் ஓடுவேன். பல நாள் போய்ச் சேருவதற்குள் ஆகிவிடும். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு மறைத்ததால் மானம் தப்பியது. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் கக்கூஸ் எல்லோருக்கும் பொது. வெளியே நின்று கதவைத் தட்டுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? சாப்பாட்டைக் குறைத்தேன். பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டேன். அசுத்தத்தோடு எப்படிப் போவது என்று கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினேன்.

போன ஆனி மாதம் டொக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தாகிவிட்டது, இப்படியே சமாளிக்கலாம், அல்லது நிரந்தரமாக வயிற்றில் வெளிப் பை வைக்கலாம், வைத்தால் சாப்பிடலாம், வேலைக்கும் போகலாம், முடிவு உங்களுடையது என்றார். "வெளிப் பை" என்றதும் எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஒன் ஒடம்பு புள்ள, நீதான் சொல்லணும்" என்றார். அவருக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் நழுவுகிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஆத்தா, என் மானத்தைக் காப்பாத்து என்று அழுதேன். அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

நான் மெலிந்துகொண்டே போவதைப் பார்த்து அவரே ஒரு நாள், "ஆடி வெள்ளிக்குப் பூ கட்டிப் பாப்போம்" என்றார். உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். வெள்ளை ரோஜா ஒன்று, சிவப்பு ரோஜா ஒன்று. வாழையிலையில் தனித்தனியாகப் பொதிந்து அம்மன் காலடியில் வைத்தால் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் இப்படியே இருப்பது, சிவப்பு வந்தால் ஒப்பரேஷன்.

பொட்டலத்தை நான்தான் கட்டினேன். குளித்து, ஈரத்தலையோடு, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டிலும் வெள்ளைப் பூவை வைத்துக் கட்டினேன். சிவப்பு ரோஜாவைக் கொல்லையில் வீசிவிட்டேன். ஆத்தாளையே ஏமாற்றப் பார்த்தேன். இதைச் சொல்லும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். "வெள்ள. ஆத்தா வாக்குக் குடுத்துட்டா" என்றார். வீட்டுக்காரர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

திரும்பி வரும் வழியிலேயே வயிறு முறுக்கியது. புல்லுக்குள் ஓடிவிட்டு வந்தேன். அவர் மீதிப் பொட்டலம் இருந்த அர்ச்சனைத் தட்டோடு பாதையில் காத்துக்கொண்டு நின்றார். நான் வந்ததும், "சாமிகிட்ட வச்ச பூ, தலையில வச்சுக்க" என்று இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார். அதிலும் வெள்ளை.

அவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ரெண்டும் வெள்ளையா?" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "வெளிய பை வச்சா நாத்தம் அடிக்குங்க. நீங்க பக்கத்துல வருவீங்களா?"

"நான் ஒட்டுப்பால் மூட்டையத் தலையில தூக்கிட்டு வந்து, எத்தன வருஷமா ஒம் பக்கத்துல ஒக்காந்து சோறு திங்கிறேன்? நீ ஒரு நாள் மூக்கப் பொத்தியிருக்கியா?"

சிரட்டையில் காய்ந்து ஒட்டின ரப்பர் பாலைச் சுரண்டிச் சேர்த்து வைத்தால் எப்படி நாறும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அழுகையோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத நீ ஆத்தாகிட்ட கேக்கல புள்ள. எங்கிட்டதான் கேட்டிருக்க. நேராவே கேட்டிருக்கலாமே" என்றார்.

இரண்டு பேரும் கோயிலுக்குத் திரும்பிப் போனோம். அம்மன் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். மறுபடி பூ கட்டவில்லை. ஒப்பரேஷன் செய்துகொள்கிறேன், கூட இரு என்று மட்டும் வேண்டினேன். மூடின பொட்டலத்தை அவர் கையால் பிரிக்க வைத்தது அவள்தான் என்று நான் நம்புகிறேன்.

கார்த்திகையில் ஒப்பரேஷன் நடந்தது. லேசாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். உள்ளே இருந்த பையை எடுத்துத் தைத்த பின்பக்கத்துக் காயம் ஆற நாளாயிற்று. "பய வெண்ட எபா, நங்கி" என்று, பயப்படாதே தங்கச்சி என்று, நேர்ஸ் தினமும் சொல்வார். பையை மாற்றப் பழக்கிக் கொடுத்த அன்று நான் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்காரர் குனிந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். "நீயும் பாரு" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் வயிற்றைப் பார்த்தேன்.

இப்போது வேலைக்குப் போகிறேன். பை படங்குக்குள் இருக்கிறது. இரண்டு தடவை கசிந்தது, தோல் எரிந்தது, மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். தனிப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். இந்தச் சித்திரைத் திருவிழாவில் பால்குடமும் எடுத்தேன். இந்த அசுத்தத்தோடு கோயிலுக்குள் போகலாமா என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் அதை வயிற்றில் சுமந்துகொண்டுதான் உள்ளே போகிறோம், என்னுடையது வெளியே இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன்.

வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் உங்களில் யாராவது வெட்கத்தால் எதையாவது மறைத்துக்கொண்டிருந்தால், என்னை மாதிரி விடையையும் நீங்களே கட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல்லுங்கள். அவள் கைவிட மாட்டாள். அன்றைக்குக் குனிந்து பார்த்தபோது என் வயிற்றில் வெளியே எடுத்து வைத்த குடலின் நுனி ரோஜா மொட்டு மாதிரிச் சிவப்பாக இருந்தது. நான் வைக்காத பூவை ஆத்தா வைத்திருந்தாள்.